முதலில் ஓடுகிறவன்

பத்தொன்பது வினாடி, அதுவும் போவதற்கு மட்டும், திரும்பி வருவதை இன்னும் சேர்க்கவில்லை என்று கணேசமூர்த்தி கைப்பேசியைச் சாய்த்துக் காட்டுகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது, வரக்கூடாதுதான், வந்துவிட்டது, என்ன செய்ய... கவுண்டரிலிருந்து பிரிண்டர் வரைக்கும் எண்ணிப் பார்த்தால் பதினைந்து தப்படி இருக்கும், அதற்குப் பத்தொன்பது வினாடி எடுத்துக்கொண்டு போகிறவன் யார், நம் செம்பியன், எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் கோல் கோட்டிலிருந்து கிளம்பினால் எதிராளி மட்டையைத் தாழ்த்துவதற்குள் அவன் மூக்குக்கு முன்னால் போய் நின்றுவிடுகிற செம்பியன், இப்போது இடது காலை மடக்காமல், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி அரை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வைத்துப் போகிறான், நடுவில் தூணை ஒரு கையால் தொட்டுக்கொள்கிறான், தாளை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அப்போதெல்லாம் கணேசமூர்த்தி கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதே மாதிரிதான் அவன் ஓட்டத்துக்கு நேரம் பார்ப்பார், ஒன்று புள்ளி மூன்று, ஒன்று புள்ளி நான்கு என்று வாய்விட்டுச் சொல்லுவார், பழகின கை, வங்கிக்குள் வந்து உட்கார்ந்ததும் தானாகவே அழுத்திவிட்டது என்கிறார், அது பொய், வரும்போது காரிலேயே பார்த்தேன், ஸ்டாப்வாட்சை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்தார்.

நவம்பர் மாதம் எந்த வங்கிக்குப் போனாலும் எங்களைப் போன்ற கூட்டம்தான், பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, நான் இன்னும் சாகவில்லை என்று இயந்திரத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும், லைஃப் சர்ட்டிபிகேட். என் வீட்டுக்காரர் இந்த வங்கியில் கிளார்க்காக இருந்து போனவர், அவருடைய குடும்ப பென்ஷன் எனக்கு வருகிறது, ஆறு வருடமாக மயிலாப்பூர் கிளையில்தான் விரல் வைக்கிறேன், மந்தைவெளியிலிருந்து நடந்தே போய்விடலாம், அதை விட்டுவிட்டு மெட்ரோக்காரன் தோண்டிப் போட்ட ரோட்டிலெல்லாம் சுற்றிக்கொண்டு இந்த ஆழ்வார்பேட்டைக் கிளைக்கு எதற்கு வந்தேன்? ஷாஹுல் ஹமீது சொன்னார், செம்பியனை அங்கேதான் உட்காரவைத்திருக்கிறார்கள், லைஃப் சர்ட்டிபிகேட் கவுண்டர் அவனுடையதுதான், போய்ப் பார்க்கலாமா தேவானைம்மா என்றார். அவர் இதே வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் விரல் வைக்க வேண்டும், சரி. கணேசமூர்த்திக்கு இங்கே கணக்கே கிடையாது, தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர், கோவில்பட்டிக்காரர், ஹாக்கி என்றால் கடையைச் சாத்திவிட்டு வருவார், புதுக் கணக்கு திறப்பது பற்றி விசாரிக்க வேண்டும் என்று ஒரு டோக்கன் கிழித்துக்கொண்டு எங்களோடு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் டோக்கன் முப்பத்திரண்டு, இப்போது ஓடுவது இருபத்தெட்டு.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கி அணிக்காக வந்த பையன்கள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள், பதினோரு வருடம் செம்பியனுக்கு வங்கியில் எந்த மேசை யாருடையது என்றுகூடத் தெரிந்திருக்காது, கால் போனதும் கூப்பிட்டு உட்காரப்பா என்று சொல்லிவிட்டார்கள், வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறான், பாவம், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறான், இடது காலை ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நீட்டி வைத்திருக்கிறான். ஒரு விரலால் தட்டுகிறான், எழுத்தைத் தேடித் தேடி. பின்னாலிருந்து தீபிகா என்கிற ஆபீசர் பெண், அவனைவிட நான்கைந்து வயது சின்னவள் இருப்பாள், கழுத்துப் பட்டையில் பெயர் எழுதித் தொங்குகிறது, செம்பியன் ஒரு மணி நேரத்துல எட்டு பேர்தான் முடிச்சிருக்கீங்க என்கிறாள், கோபமாகக்கூட இல்லை, வெறும் கணக்காகச் சொல்கிறாள், அவன் சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு இன்னும் மெதுவாகத் தட்டுகிறான். எனக்கு முன் வரிசையில் பான்ட் பெல்ட்டை மார்பு வரை ஏற்றிக் கட்டிய ஒருவர், ஊரிலேயே மெதுவான ஆளைப் பிடித்து இந்தக் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுக்கிறார். ஷாஹுல் ஹமீது குனிந்து அவர் தோளைத் தட்டி, அப்படிச் சொல்லாதீங்க சார், பெரிய பிளேயர், கால் அடிபட்டுப்போச்சு என்றார். அவர் திரும்பாமலேயே, அப்ப பந்து பொறுக்கிப் போடச் சொல்லுங்க, இங்க இன்னாத்துக்கு என்றார். ஷாஹுல் ஹமீதுக்கு முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் அவரும் சிரித்துவிட்டார், கணேசமூர்த்தியும் சிரித்தார், நானும்தான்.

பெரிய பிளேயர் என்பதும் பொய்தான். பதினோரு வருடத்தில் இரண்டு கோல், அதில் ஒன்று அவன் காலில் பட்டுப் போயிருக்க வேண்டும், அம்பயர் பார்க்கவில்லை. பாதி ஆட்டம் பெஞ்சில் இருப்பான், ஸ்டிக் வேலை சுமார், பாஸ் கொடுத்தால் நம் ஆளுக்கும் போகும், அவர்கள் ஆளுக்கும் போகும், அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. எதிர் அணிக்கு ஷார்ட் கார்னர், நம் தப்புக்கு அவர்களுக்குக் கொடுக்கிற அடி, கிடைத்தால் நம் பக்கம் கோல் கோட்டில் கீப்பரோடு நான்கு பேர் நிற்பார்கள், பந்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிவிட்டதும் அந்த நான்கில் ஒருவன் நேராக, வளையாமல், பந்தை இழுத்து வீசப்போகிறவனை நோக்கி ஓட வேண்டும், முதல் ரஷ்ஷர் என்பார்கள், மட்டையால் தடுத்தால் நல்லது, இல்லையென்றால் உடம்பால் தடுக்க வேண்டும், அவ்வளவுதான், பீரங்கியைப் பார்த்து ஓடுகிற வேலை. அதற்கு மூளை வேண்டாம், கால் வேண்டும், நொச்சிக்குப்பத்து மணலில் ஓடி வளர்ந்த கால், மணலில் ஓடினவன் செயற்கைப் புல்தரையில் ஓடினால் எப்படி இருக்கும், மற்றவர்கள் எல்லாம் நிற்கிற மாதிரி இருக்கும். அவன் ஓய்வு பெறுகிறான் என்று செப்டம்பரில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு செய்தி வந்தது, பத்துப் பன்னிரண்டு பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள், நான்கே நிமிடத்தில் ஒருவர், அப்ப அடுத்த ரஷ்ஷர் யாருப்பா என்று கேட்டார், அதற்கு நாற்பது பதில். நான் என்ன போட்டேன்? கட்டை விரல். வேறு செய்திக்குப் போட வேண்டியதை அதற்குப் போட்டுவிட்டேன் என்று மறுநாள் எழுதினேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அவனுக்கு என்னைத் தெரியுமா... தெரியாது. கோலுக்குப் பின்னால் வலைக்கும் வேலிக்கும் அந்தப் பக்கம், கூரை நிழலில் உட்கார்ந்திருக்கிற கிழவிகளை எந்த ஆட்டக்காரன் நின்று பார்க்கிறான்? முகம் தெரியாது, குரல்? அதுதான் கேள்வி, ஒன்பது மாதமாக அதுதான் கேள்வி. முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான், விசில் தொலைந்துபோனால்கூடத் தேட மாட்டேன், தொண்டையே போதும். மூச்சு முட்டுகிறது மிஸ் என்று நிற்கிற பிள்ளையைக் கெஞ்சினால் ஓடாது, கேலி செய்தால் ஓடும், மற்ற பிள்ளைகள் சிரித்தால் இன்னும் வேகமாக ஓடும், இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்படித்தான் போன வருடம் ஒரு லீக் ஆட்டத்தில், ஷார்ட் கார்னருக்கு முகக்கவசமும் முட்டிக்கவசமும் போட்டுக்கொள்ள நான்கு பேரும் கோலுக்குப் பின்னால் பை வைத்திருக்கிற இடத்துக்கு ஓடி வந்தார்கள், என்னிடமிருந்து இருபதடி இருக்கும், மூன்று பேர் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள், செம்பியன் மட்டும் குனிந்து முட்டியில் பட்டையை ஒட்டுகிறான், பிரிக்கிறான், மறுபடி ஒட்டுகிறான், அம்பயர் கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னாடா, பொண்ணு பாக்க வராங்களா? இப்டி சிங்காரிச்சிக்கினு கீற?"

கேலரியே சிரித்து உருண்டது. ஷாஹுல் ஹமீது டீயைத் துப்பிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஷார்ட் கார்னருக்கும் அவன் பையின் பக்கம் வந்தால் போதும், சிங்காரம், சிங்காரம் என்று கைதட்டிப் பாட ஆரம்பித்துவிடுவார்கள், முதல் தட்டு என்னுடையது, நான் ஆரம்பிக்கும்வரைக்கும் காத்திருப்பார்கள், அதில் எனக்கு ஒரு பெருமை... இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு மாதம் போயிருக்கும், ஒருநாள் முகக்கவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முட்டிக்கவசத்தைத் தொடாமல் ஓடினான், பந்தைத் தடுத்தான், கேலரி எழுந்து நின்று தட்டியது, என்ன தட்டு, நானும் நின்றுதான் தட்டினேன். அதற்குப்பிறகு அவன் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை. கோச் இரண்டு தடவை சத்தம் போட்டார், அவன் கேட்கவில்லை, ஒன்று புள்ளி மூன்று ஒன்று புள்ளி இரண்டானது, கவசம் இல்லாமல் எவ்வளவு லேசா ஓடுதான் பாத்தீங்களா அக்கா என்றார் கணேசமூர்த்தி, நாங்கள் அவனைத் திருத்திவிட்ட மாதிரி எங்களுக்கு ஒரு நினைப்பு.

இருபத்தொன்பதாம் எண்ணுக்கு ஒரு கிழவர் போய் நிற்கிறார், விரல் விழவில்லை, செம்பியன் துணியால் அவர் விரலைத் துடைக்கிறான், ஊதுகிறான், மறுபடி வைக்கச் சொல்கிறான்... பிப்ரவரி, அரையிறுதி. கடைசி ஆறு நிமிடம், ஒன்றுக்கு ஒன்று, அவர்களுக்கு ஷார்ட் கார்னர். அவன் பையின் பக்கம் வந்தான், குனிந்தான். அன்றைக்கு, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அன்றைக்கு அவன் முட்டிக்கவசத்தைக் கையில் எடுத்தான். எதிர் அணியில் பந்தை வீசப்போகிறவன் பஞ்சாபிலிருந்து வந்த ஆள், அவன் அடித்த பந்து காலையில் பயிற்சியில் கோல் பலகையைப் பிளந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள், செம்பியனும் பார்த்திருப்பான், பயம் இருக்காதா, எடுத்தான். நான் கத்தினேன், டேய் சிங்காரம், எவ்வளவு நேரம்டா என்று. கேலரி பிடித்துக்கொண்டது. அவன் கையிலிருந்ததைப் பையில் போட்டுவிட்டு ஓடினான். அந்தச் சத்தம், இரண்டு வீடு தள்ளி யாரோ தேங்காய் உடைக்கிற மாதிரி, அவ்வளவுதான், அவன் முட்டியில் பட்டுத் தெறித்த பந்து நேராக நம் பையன் இன்னொருவனிடம் போனது, அவன் எடுத்துக்கொண்டு ஓட, எங்கள் தலையெல்லாம் அந்தக் கோடிக்குத் திரும்ப, அங்கே கோல். நாங்கள் குதித்தோம். கட்டிப்பிடித்துக்கொண்டோம், ஷாஹுல் ஹமீது என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார், அவருக்கே அது ஞாபகமில்லை. எவ்வளவு நேரம் கழித்து இந்தப் பக்கம் திரும்பினோம்? யாருக்காவது தெரியுமா? அவன் புல்லில் ஒருக்களித்துக் கிடந்தான், மட்டை ஒரு பக்கம், முகக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை, எங்களுக்கு இருபதடியில் கிடந்தான், ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குக் கேட்கட்டும் என்று யாரோ கத்தினார்கள். முட்டிச்சில்லு மூன்று துண்டு.

நான் ஒருத்தியா கத்தினேன், இருநூறு பேர் கத்தினார்கள். கவசத்தைப் போடாதே என்று நானா சொன்னேன், சீக்கிரம் போடு என்றுதானே சொன்னேன்? பெரிய ஆள், இருபத்தொன்பது வயது, பெண்டாட்டி உள்ளவன், கிழவி சொன்னாள் என்று கவசத்தைக் கழற்றிப் போடுவானா... சமைக்கும்போது இப்படியெல்லாம் அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன், ஒன்பது மாதமாக. அவன் என்னைக் கண்டுபிடித்துவிடுகிற மாதிரியும், நீதானே அது என்று விரலை நீட்டுகிற மாதிரியும், நான் பதில் சொல்லுகிற மாதிரியும், ஒரு நாளைக்கு ஒரு பதில். செத்துப்போன மனிதரைக்கூட இவ்வளவு நினைத்ததில்லை. சில நாள் அழுகிற மாதிரி நினைத்துக்கொள்வேன், சில நாள் அவன் என்னை அடிக்கக் கை ஓங்குகிற மாதிரி, அதில் ஒரு... அதை எதற்கு இப்போது. காரிலிருந்து இறங்கும்போது கணேசமூர்த்தி சிரித்துக்கொண்டே, அக்கா, உள்ள போயி நீங்க வாயத் தொறக்காதீங்க, கொரலக் கேட்டான்னா கண்டுபுடிச்சிருவான் பாத்துக்கிடுங்க என்றார். ஷாஹுல் ஹமீது அதற்குச் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அவர்களுக்கும் தெரியும், அவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா? நான் எதைப் பார்க்க வந்தேன்?

முப்பது, முப்பத்தொன்று. முப்பத்தொன்று ஒரு அம்மாள், அவளுக்கு அச்சடித்த தாளே வேண்டுமாம், மறுபடி பிரிண்டர், மறுபடி அந்தத் துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடுகிற நடை, இருபத்திரண்டு என்கிறார் கணேசமூர்த்தி, களைச்சிட்டான்லா. அப்புறம் பலகையில் என் எண் விழுந்தது. எழுந்தேன். பக்கத்தில் போனால் அவன் முகம் சின்னதாக இருக்கிறது, கவசத்துக்குள்ளேயே பார்த்துப் பழகின முகம், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, நெற்றியில் விபூதி, மேசையில் ஒரு டப்பாவில் ஈரத் துணி. பேரு சொல்லும்மா என்றான். நான் படிவத்தை நீட்டினேன். இன்னா பேரும்மா என்று மறுபடி கேட்டான், படிவத்தில் பெயர் இருக்கிற இடத்தை விரலால் காட்டினேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான், காது கேட்காதவள் என்று முடிவு செய்துவிட்டான், முகம் இளகிவிட்டது, வாயை அகலமாகத் திறந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தான், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்கு இரண்டு விரலைச் சேர்த்து, இல்லை என்று தலையாட்டி, அவனுக்கே வெட்கம் வந்து சிரித்தான். நான் போட்டேன். விரலை வைக்கச் சொன்னான், வைத்தேன், சிவப்பு விளக்கு. அவனே என் விரலைப் பிடித்து ஈரத் துணியால் துடைத்து, தன் சட்டையில் ஒற்றி, வைத்து அழுத்தினான், சிவப்பு. ரேகை தேஞ்சிபோச்சிம்மா, பாத்திரம் தேய்ச்சா அப்டித்தான், பரவால்ல, உக்காரு என்று உரக்கச் சொல்லி, எழுந்து ஒற்றைக் காலில் தள்ளாடி எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். இவ்வளவு மரியாதையை நான் கேட்டேனா?

அதற்குள் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள், பொறுக்க முடியவில்லை. ஷாஹுல் ஹமீது கேலரி கோஷ்டி என்று அறிமுகம் செய்துகொண்டார், பேங்க் டீம் ஆட்டம் ஒன்று விடாமல் பார்த்தவர்கள், பதினோரு வருடமும் கோலுக்குப் பின்னால்தான், உன் ஓட்டத்துக்காகவே வருவோம் என்றெல்லாம் சொன்னார், கை குலுக்கினார். செம்பியனுக்குச் சந்தோஷம்தான், எழுந்து நிற்கப் பார்த்தான், ஷாஹுல் ஹமீது தோளைப் பிடித்து உட்கார வைத்தார். என்னைக் கையால் காட்டி இவர்களும்தான் என்று சொல்லவில்லை, கணேசமூர்த்தியும் சொல்லவில்லை, நான் யாரோ காது கேட்காத கிழவியாக நடுவில் உட்கார்ந்திருந்தேன், விரல் இயந்திரத்தின்மேல். அப்புறம் கணேசமூர்த்தி கேட்டுவிட்டார், என்னைப் பார்க்காமல்தான் கேட்டார், நாங்க கத்துனதெல்லாம் ஒனக்குக் கேக்குமாப்பா என்று.

"இல்ல சார்," என்றான் செம்பியன். "மாஸ்க் போட்டா ஒண்ணுமே கேக்காது. நம்ம மூச்சு மட்டுந்தான் கேக்கும்."

கணேசமூர்த்தி விடவில்லை, அன்றைக்கு ஏன் முட்டிக்கவசம் போடவில்லை என்று கேட்டார். செம்பியன் திரையைப் பார்த்துக்கொண்டே, அது அவனே எடுத்த முடிவு என்றான், பட்டையைக் கட்டினால் முட்டி மடங்காது, ஓட்டம் அரை அடி பின்னாலேயே நின்றுவிடும், கோச் திட்டினார், அவன்தான் கேட்கவில்லை. சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. அந்தப் பந்தை நிறுத்தினதாலதான சார் ஃபைனல் போனோம் என்றான், நாங்கள் ஃபைனலில் நான்கு கோல் வாங்கித் தோற்றதை அவனிடம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் அவன் பெண்டாட்டி அன்புச்செல்வி மட்டும் அந்தக் கேலரிக்காரர்களால்தான் இப்படி ஆனது என்று இன்னும் சாபம் விடுகிறாளாம், யாரோ ஒரு பொம்பளை கத்துமாம், அதன் நாக்கு அழுகிப்போக வேண்டும் என்பாளாம்.

"நான் சொல்லுவேன், அவங்க யாரோ, நம்ம யாரோ. அவங்களுக்கும் எனுக்கும் இன்னா கீதுன்னு. யாரும் சொல்லி நான் செய்யல சார்."

ஷாஹுல் ஹமீது பெருமூச்சு விட்டார், தண்ணீரிலிருந்து எழுந்த மாதிரி ஒரு மூச்சு, என் பக்கம் லேசாகத் திரும்பி, பார்த்தீர்களா என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார். முடிந்தது. எனக்கு விடுதலை, வீட்டுக்குப் போகலாம், இனிமேல் சமைக்கும்போது யாரோடும் வாதாட வேண்டாம். அப்படித்தானே இருக்க வேண்டும்? ஆனால் நெஞ்சுக்குள் எதுவோ காந்துகிறது, என்ன இது, யாரோவா? பதினோரு வருடம் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவள் யாரோவா, அவன் பையின் பக்கம் வந்து குனிகிற அந்தப் பத்து வினாடிக்காக வாரம் முழுக்க ஒரு வார்த்தையைத் தேடி வைத்திருப்பேனே, அது மூச்சுச் சத்தத்தில் போய்விட்டதா? ஒன்பது மாதம் நான் சுமந்தது? அவன் பெண்டாட்டி என்னைச் சபிக்கிறாள், அவளுக்காவது தெரிகிறது. இவன் எல்லாவற்றையும் தன்னுடையது என்கிறான், முட்டி, முடிவு, அந்தப் பந்து, எல்லாம். எனக்கு ஒரு சில்லுகூட இல்லையா? மிச்சமிருக்கிற ஒரே பெருமையோடு அவன் உட்கார்ந்திருக்கிறான், அது எனக்குத் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது, அதைத் தொடக்கூடாது என்பதும் தெரிகிறது, பிள்ளைகள் அழப்போகிறதற்கு முன்னால் அவர்கள் கன்னம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா... அவன் மறுபடி என் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, இன்னோர் வாட்டி அமுத்தும்மா என்று கையால் காட்டினான்.

"டேய் சிங்காரம், எவ்ளோ நேரண்டா?"

கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னேன், ஆனால் அந்தக் குரலில். தீபிகா தலையைத் தூக்கினாள். கணேசமூர்த்தி அக்கா என்று என் தோளைப் பிடித்தார். செம்பியனின் கால் வாளியின்மேல் இருந்து துள்ளி விழுந்தது, வலது கால் தரையில் ஊன்றி உடம்பு முன்னால் பாயப் போனது, கை மேசைக்குக் கீழே முட்டிக்குப் போய், அங்கே எதையோ பிடித்துப் பிய்த்து எறிகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது, ஒரு வினாடிகூட இருக்காது, ஒன்று புள்ளி இரண்டோ என்னவோ. அப்புறம் வலி ஏறி முகம் வெளுத்தது. பெயிண்ட் வாளி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை, நான் ஒன்பது மாதம் யோசித்து வைத்திருந்த எந்த முகமும் இல்லை, யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது, அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். விரல எடுத்துக்கோம்மா, முடிஞ்சிது என்றான், சாதாரணமாக, வாயை அகலமாகத் திறக்காமல்.

கேட்டிருக்கிறது. மாஸ்க்குக்குள்ளே, மூச்சுக்கு நடுவிலே, ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது, இத்தனை நாள் அவன் பெண்டாட்டிக்கும் எங்களுக்கும் தனக்கும்கூடப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்... நான் இப்போது தலையைக் குனிய வேண்டும், இல்லையென்றால் எழுந்து போக வேண்டும், ஒரு வார்த்தையாவது மன்னிப்பு என்று வர வேண்டும், தொண்டையில் தேடிப் பார்க்கிறேன், அங்கே அது இல்லை, விரல் இன்னும் இயந்திரத்தின்மேல்தான் இருக்கிறது, அந்தக் கால் துள்ளியதே, அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, இது என்ன, சந்தோஷமா?